களிமண்ணுக்கு அவசரமில்லை

ஃப்ளாட் விளம்பரத்தில் நீச்சல்குளம் இருக்கிறது, ஜிம் இருக்கிறது, கட்டடத்துக்கு அடியில் என்ன மண் என்பது மட்டும் இருக்காது. நாமும் கேட்பதில்லை. வாஸ்து கேட்போம். ஐந்து வருஷத்தில் சுவர் விரிசல் விட்டால், "பூமி இறங்கிருச்சு சார், யாரும் எதிர்பார்க்கலை" என்பார் பில்டர். சுத்தப் புருடா.

ஈரக் களிமண்மேல் பாரம் ஏற்றினால் அதை முதலில் சுமப்பது மண்ணல்ல, உள்ளே இருக்கும் தண்ணீர். அது கசிந்து வெளியேற வெளியேறத்தான் மண் அமுங்குகிறது. களிமண்ணின் துவாரங்கள் படு நுண்ணியவை. அதனால் வருஷக்கணக்கில் ஆகும். களிமண் இரண்டு மடங்கு கனமாக இருந்தால் காலம் நாலு மடங்கு. இதற்கான கணக்கை கார்ல் டெர்சாகி 1925-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். நூறு வருஷமாகியும் 'எதிர்பார்க்கலை'யா?

பைசா கோபுரத்தை 1173-ல் ஆரம்பித்தவர்கள் அப்படிச் சொல்லலாம். பாதியில் வேலை நின்று சுமார் நூறு வருஷம் சும்மா கிடந்தது. அந்த அவகாசத்தில் களிமண் இறுகியதால்தான் கோபுரம் பிழைத்தது. அது அதிர்ஷ்டம்.

ஜப்பான்காரர்கள் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. ஒசாகா அருகே கடலில் தீவு எழுப்பி, 1994-ல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தார்கள். மேல்களிமண்ணில் லட்சக்கணக்கில் மணல் குழாய்கள் இறக்கித் தண்ணீரை வடித்தார்கள். அப்படியும் ஆழத்துக் களிமண் கணக்கை மீறியது. 1987-ல் வேலை ஆரம்பித்ததிலிருந்து அந்த முதல் தீவு 13 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. ஆனாலும் விமான நிலையம் இயங்குகிறது. இறங்கும் என்று தெரிந்து, டெர்மினல் தூண்களை ஜாக்கி வைத்து உயர்த்த முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

நாம்? ஏரியையும் சதுப்பையும் தூர்த்து, மண் கொட்டிய ஈரம் காயுமுன் பூமிபூஜை. பைல் போட்டால் கட்டடம் நிற்கலாம். சுற்றியிருக்கும் மண் நிற்காது. வாசற்படி பிளக்கும், கார் நிறுத்துமிடம் பள்ளமாகும், சாக்கடைக் குழாய் உடையும். வடிகால் இறக்கி, முன்கூட்டியே பாரம் ஏற்றிச் சில மாதங்கள் காத்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அந்தச் சில மாத வட்டியை மிச்சம் பிடிப்பவர் பில்டர். விரிசலோடு இருபது வருஷம் ஈ.எம்.ஐ. கட்டப்போவது நீங்கள்.

அடுத்த முறை மாடல் ஃப்ளாட் பார்க்கப் போனால் மாடுலர் கிச்சனை அப்புறம் பாருங்கள். முதலில் மண் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.