பூட்டிய அலமாரி

கேரி தீவின் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின் இடைநிலைப்பள்ளி புகுகிறான். அங்கே தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அக்குறையை ஈடுசெய்ய வேண்டிய நூல்நிலையமோ பல பள்ளிகளில் பூட்டிய அலமாரியாய் உறங்குகிறது. ‘மாணவர் படிப்பதில்லை’ என்று குறைகூறும் ஆசிரியர்களே, எந்த நூலைத் தேடிப் படிக்கப் பணித்தீர்கள்?

நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதை 1931-இலேயே முதல் விதியாக வகுத்தார் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அவ்விதியைக் காக்கும் கடமையை நூலகப் பொறுப்பாளர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. சப்பானியர் ஆட்சியைக் கற்பிக்கும் வரலாற்று ஆசிரியர், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைத் தேடச் செய்யட்டும். தோட்டத் தமிழர் அங்கு மாண்ட கதையைப் பாடநூலோடு ஒப்பிட்டு, மாணவன் ஒரு பக்கம் எழுதட்டும். தன் தீவைத் தழுவியோடும் ஆற்றின் பெயராலேயே அ. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ என்றொரு நாவல் படைத்திருப்பதைத் தமிழாசிரியர் காட்டட்டும்.

தேர்வு நெருங்குகிறது, நேரமில்லை என்பது வெறுஞ்சாக்கு. எஸ்.பி.எம். தேர்வும் கட்டுரை கேட்கிறது. சொல்வளம் வினாத்தாள் தொகுப்பில் ஊறுவதன்று. வாரத்தில் ஒரு பாடவேளையேனும் மாணவரை நூல்நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வெறுங்கையோடு அன்று; விடை தேட வேண்டிய ஒரு வினாவோடு!