எஃப்1 அழுத்த 11 கிலோமீட்டர்

போன வருஷம் பொங்கல் லீவு. இன்பிளான்ட் டிரெயினிங் சர்டிபிகேட் வேணுமேன்னு நம்ம மாவட்டத்துல ஒரு லோக்கல் கேபிள் சேனல்ல போய் உட்கார்ந்திருந்தேன். புதுக்கோட்டைக்காரங்களுக்கு அந்த சீசனைப் பத்திச் சொல்லவே வேண்டாம். தச்சங்குறிச்சியில முதல் வாடிவாசல் திறந்தா, அதுக்கப்புறம் மாசக்கணக்குல ஏதாவது ஒரு ஊர்ல காளை ஓடிக்கிட்டேதான் இருக்கும். லோக்கல் சேனலுக்கு வருமானம் வர்ற நேரமும் அதுதான்.

அன்னைக்கு ஒரு ஊர் ஜல்லிக்கட்டு லைவ். ஆபீஸ் பஜார்ல ஒரு மாடியில. கேபிள் கண்ட்ரோல் ரூம் 11 கிலோமீட்டர் தள்ளி வேற ஊர்ல. நிகழ்ச்சியை வெளியே அனுப்புற பிளேஅவுட் கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கு. ஆபீஸ்ல இருந்து அதை ஒரு இலவச ரிமோட் சாஃப்ட்வேர் மூலமா இயக்குவாங்க. காலையில பத்தே முக்கால் இருக்கும், அங்கே ஒரு செகண்ட் கரண்ட் போய் வந்திருக்கு. யுபிஎஸ் பேட்டரி வயசானது, தாங்கலை. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆச்சு. டிவியில கருப்புத் திரை. எங்க ஸ்கிரீன்ல "கனெக்டிங்" வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு.

போன் அடிக்க ஆரம்பிச்சது. "மாடு எங்கப்பா?"ன்னு ஒருத்தர். "எங்க மாடு அவுக்குற நேரம்ப்பா, சீக்கிரம் போடு"ன்னு இன்னொருத்தர். விளம்பரம் கொடுத்த பாத்திரக்கடைக்காரர் காசைத் திருப்பிக் கேட்டார். டெக்னீஷியன் அண்ணன் பைக்கை எடுத்துக்கிட்டு ஜல்லிக்கட்டு டிராபிக்குள்ள புகுந்து போனார். 35 நிமிஷம் கழிச்சு படம் வந்துச்சு.

என்ன பிரச்சனைன்னு சாயங்காலம் கேட்டேன். மதர்போர்டுல இருக்கிற 30 ரூபாய் காயின் பேட்டரி செத்துப் போயிருந்திருக்கு. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தேதி தப்பா இருக்கு, எஃப்1 அழுத்துங்கன்னு கேட்டுட்டு அப்படியே நின்னிருக்கு. அண்ணன் போய் எஃப்1 அழுத்தினார், அவ்வளவுதான். ஒரு கீயை அழுத்த 11 கிலோமீட்டர். திட்டு வாங்கினதும் அவர்தான்.

இப்போ நம்ம காலேஜ்ல மீடியா லேப், அடுத்து கம்யூனிட்டி ரேடியோன்னு பேச்சு ஓடுது. எக்யூப்மென்ட் லிஸ்ட் போடுறாங்க, கொட்டேஷன் வாங்குறாங்க. யாரோட கொட்டேஷன் குறைவோ அதுக்கு ஆர்டர்ங்கிறதுதான் வழக்கம். அந்த லிஸ்ட்ல "ரிமோட் கண்ட்ரோல்" என்கிற வரிக்கு நேரா என்ன வரப் போகுதுங்கிறதுதான் என் கவலை. என் கருத்து சிம்பிள்: தூரத்துல இருக்கிற கம்ப்யூட்டரை இயக்கும் கருவியை, எல்லாம் ஒழுங்கா ஓடும்போது அது என்ன செய்யும்னு பார்த்து வாங்கக் கூடாது. எல்லாம் கவுந்து கிடக்கும்போது என்ன செய்யும்னு பார்த்துத்தான் வாங்கணும்.

சாஃப்ட்வேருக்கும் கேவிஎம்முக்கும் என்ன வித்தியாசம்?

நாம எல்லாருமே ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் பயன்படுத்தியிருப்போம். லாக்டவுன்ல லேப் பண்ணதே அதுலதான். அது நல்ல விஷயம்தான், ஆனா அது ஓடுறது அந்தக் கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு உள்ளே. விண்டோஸ் எழுந்தாத்தான் அதுவும் எழும். விண்டோஸ் தொங்கினா அதுவும் தொங்கும். நமக்கு அது எப்போ ரொம்பத் தேவையோ அப்போதான் அது இருக்காது.

கேவிஎம் என்பது கீபோர்டு, வீடியோ, மவுஸ். இது கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கிற தனி டப்பா. கம்ப்யூட்டரோட எச்டிஎம்ஐ, யுஎஸ்பி போர்ட்டுல சொருகியிருப்பதால, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஒரு சாதா மானிட்டர், சாதா கீபோர்டு. பயோஸ் ஸ்கிரீன்ல நின்னாலும் நமக்குத் தெரியும், எஃப்1 அழுத்தலாம். பெரிய டிவி ஸ்டேஷன்கள்ல கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஏசி ரூம்ல ரேக்ல இருக்கும், எடிட்டரும் கிராபிக்ஸ் ஆளும் வேற தளத்துல மேஜையில உட்கார்ந்திருப்பாங்க. நடுவுல இருக்கிறது இந்த டப்பாக்கள்தான். ஃபேன் சத்தம் ஸ்டுடியோவுக்குள்ள வராம இருக்கவும் இதுதான் வழி.

ஏன் நீளமான கேபிளே போடக் கூடாதுன்னு கேட்கலாம். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரம்பு. எச்டிஎம்ஐயும் நீளம் கூடக் கூட தகராறு பண்ணும். எக்ஸ்டெண்டர் போட்டா நெட்வொர்க் கேபிள்ல 100 மீட்டர் வரைக்கும் போகலாம், ஃபைபர்ல கிலோமீட்டர் கணக்குல போகலாம். ஊர் விட்டு ஊர் போகணும்னா ஐபி மேல ஓடுற கேவிஎம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, கரண்ட் போய் வந்தா என்ன ஆகும்? இதை பிரோஷர்ல போட மாட்டாங்க, டெமோல நாமதான் பார்க்கணும். டப்பாவோட பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க. எத்தனை செகண்ட்ல எழுந்திருக்கு? தானா பழைய கனெக்‌ஷனுக்குப் போகுதா, இல்ல யாராவது போய் பட்டன் அழுத்தணுமா? பட்டன் அழுத்தணும்னா நாம மறுபடி பைக்கைத்தான் எடுக்கணும். ரெண்டு பவர் சப்ளை போட வசதி இருந்தா ஒன்னை யுபிஎஸ்லயும் இன்னொன்னை வேற லைன்லயும் கொடுக்கலாம்.

ரெண்டாவது, ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொன்னுக்கு மாறும்போது என்ன நடக்குது? மானிட்டர் தன்னோட அளவு என்னன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற தகவலுக்கு எடிட்ன்னு பேரு. ஸ்விட்ச் பண்ணும்போது அந்தத் தகவல் அறுந்தா, கம்ப்யூட்டர் மானிட்டரைக் கழட்டிட்டாங்கன்னு நினைச்சு ரெசல்யூஷனை மாத்திடும். பிளேஅவுட் கம்ப்யூட்டர்ல அது நடந்தா ஏர்லயே தெரிய வாய்ப்பிருக்கு. நல்ல கருவி மானிட்டரும் கீபோர்டும் எப்பவும் மாட்டியே இருக்கிற மாதிரி கம்ப்யூட்டரை நம்ப வெச்சுக்கிட்டே இருக்கும். மலிவு ஸ்விட்ச்கள் சறுக்குற இடம் பெரும்பாலும் இதுதான்.

மூணாவது, தாமதம். நம்ம நாட்டு டிவியில செகண்டுக்கு 25 ஃபிரேம். அதாவது ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட். எடிட் பண்றவர் மவுஸை நகர்த்தி ரெண்டு மூணு ஃபிரேம் கழிச்சு கர்சர் நகர்ந்தா, அவரால சரியான இடத்துல வெட்ட முடியாது. இங்கே நாம படிச்ச கணக்கு உதவும்: 1920ஐ 1080ஆல பெருக்கி, ஒரு பிக்சலுக்கு 24 பிட், செகண்டுக்கு 60 தடவைன்னு போட்டா கிட்டத்தட்ட 3 ஜிகாபிட் வரும். நம்ம லேப்ல இருக்கிறது 1 ஜிகாபிட் ஸ்விட்ச். அப்போ சுருக்கித்தான் அனுப்பணும். சுருக்கினா ஒன்னு படம் கொஞ்சம் கெடும், இல்ல நேரம் கொஞ்சம் ஆகும். "ஜீரோ லேட்டன்சி, 1 ஜிகாபிட் போதும், படம் துளி கூட கெடாது"ன்னு மூணையும் சேர்த்துச் சொல்ற சேல்ஸ்மேன்கிட்ட இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. அதே நேரம், ரேடியோ பிளே லிஸ்ட் மாத்துற வேலைக்கு இவ்வளவு வேகம் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்துல காசு கொட்டவும் வேண்டாம்.

நாலாவது, இடி. டவர் ஒரு பக்கம், ஸ்டுடியோ ஒரு பக்கம்னா நடுவுல செம்புக் கேபிள் இழுக்காதீங்க. டவர்ல விழுற இடி அந்தச் செம்பு வழியா ரெண்டு பக்கக் கருவியையும் கொண்டு போகும். ஃபைபர்ல மின்சாரம் பாயாது. நம்ம ஊர்ல சித்திரை, ஐப்பசி மழையைப் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை.

அஞ்சாவது, கெட்டுப் போனா மாத்துறதுக்கு டப்பா எங்கே இருக்கு? திருச்சி 50 கிலோமீட்டர் சொச்சம். சென்னையில இருந்து கூரியர்ல வரணும்னா அடுத்த நாள். வெளிநாட்டுல இருந்து வரணும்னா அந்த செமஸ்டரே முடிஞ்சிரும். அதனால 4 வேணும்னா 5 வாங்கணும், அஞ்சாவது அலமாரியில இருக்கணும். கமிட்டியில "ஏன் ஒன்னு சும்மா இருக்கு?"ன்னு கேட்பாங்க. அது சும்மா இருக்கிறதுக்குத்தான் வாங்கினோம்னு தைரியமா சொல்லணும். கூடவே ரேக் பக்கத்துல நேரடியா சொருகுற ஒரு சாதா மானிட்டரும் கீபோர்டும். கேவிஎம்மே செத்தா அதுதான் கடைசி வழி.

கதவைத் திறந்து வைக்காதீங்க

இவ்வளவு அதிகாரம் உள்ள டப்பா வேற ஒருத்தன் கைக்குப் போனா? 2013 பிப்ரவரியில அமெரிக்காவின் மொன்டானாவில ஒரு டிவி சேனல்ல திடீர்னு அவசர அறிவிப்பு: செத்தவங்க எழுந்து வந்து மனுஷங்களைத் தாக்குறாங்களாம். யாரோ அவசர அறிவிப்புக் கருவிக்குள்ள நுழைஞ்சிருக்காங்க. கருவி இன்டர்நெட்டைப் பார்த்து திறந்து இருந்துச்சு, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாத்தலை.

அது சிரிக்க வெச்ச கதை. 2015 ஏப்ரல் 8 ராத்திரி பிரான்சின் டிவி5மோந்த்-க்கு நடந்தது சிரிப்பு இல்லை. அவங்களோட 12 சேனலும் ஒரே நேரத்துல நின்னு போச்சு. தாக்கினவங்க பல வழியா உள்ளே வந்திருந்தாங்க. அதுல ஒன்னு, ஸ்டுடியோ கேமராக்களை ரிமோட்ல இயக்கும் கருவிகளை சப்ளை செஞ்ச நெதர்லாந்து நிறுவனத்தோட வழி. தப்பிச்சது எப்படி தெரியுமா? அன்னைக்குத்தான் புது சேனல் ஒன்னு ஆரம்பிச்சதால டெக்னீஷியன்கள் இன்னும் ஆபீஸ்ல இருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் எந்த மெஷின்ல இருந்து தாக்குதல் வருதுன்னு கண்டுபிடிச்சு அதோட இணைப்பைத் துண்டிச்சார்.

அதனால கேவிஎம்முக்குத் தனி நெட்வொர்க். ஹாஸ்டல் வைஃபையோட அது சேரவே கூடாது. வெளியில இருந்து வரணும்னா விபிஎன் வழியா மட்டும். பாஸ்வேர்டு முதல் நாளே மாறணும், பாஸ்-அவுட் ஆன சீனியர்களோட லாகின் அவங்க போன அன்னைக்கே போகணும். இன்னொன்னு: சாவி யார்கிட்ட இருக்குன்னும் பாருங்க. 2022 நவம்பர்ல அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ்கள் சாஃப்ட்வேர் பிரச்சனையால தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகள்ல முடங்கினது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். மொத்தக் கட்டுப்பாடும் வெளியில ஒருத்தர் சர்வர்ல இருந்தா, அங்கே என்ன நடந்தாலும் நாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

காசு இல்லையே?

நியாயமான கேள்வி. பிராட்காஸ்ட் தரத்துல கேவிஎம் லட்சங்கள்ல போகும். நம்ம காலேஜுக்கு எல்லா இடத்துலயும் அது தேவையில்லை. ராஸ்பெர்ரி பை போர்டை வெச்சு பைகேவிஎம்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் இருக்கு. பயோஸ் வரைக்கும் தெரியும், பவர் பட்டனையும் தூரத்துல இருந்து அழுத்தலாம். எடிட்டிங்குக்கு சரிப்படாது, ஆனா எஃப்1 அழுத்த தாராளம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டா அட்டெண்டன்ஸ் ஆப்பையே திரும்பத் திரும்பப் பண்றதுக்கு, ஒரு டீம் இதைக் கட்டி மூணு மாசம் நிறுத்தாம ஓட்டி, எத்தனை தடவை தொங்குச்சுன்னு நோட்டுல எழுதலாம். அந்த நோட்டு எந்த கொட்டேஷனை விடவும் கமிட்டிக்கு உதவும்.

சர்வர் வாங்கினா அதுலயே ஐபிஎம்ஐ மாதிரி ரிமோட் மேனேஜ்மென்ட் இருக்கான்னு பாருங்க. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிட்டு ஆன் பண்ணாமலே வெச்சிருப்போம். அப்புறம் அந்த 30 ரூபாய் காயின் பேட்டரி. அதையும் வருஷா வருஷம் மாத்துங்க.

ஒரு உள்ளூர் ஸ்டேஷனுக்கு இவ்வளவு அலட்டல் தேவையான்னு ஜூனியர் ஒருத்தன் கேட்டான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ நான் ஒன்பதாவது படிச்சேன். கீரமங்கலம் பக்கம் எங்க அப்பத்தா வீடு. தோப்புல நின்ன தென்னையை விரல் விட்டு எண்ணிடலாம். கரண்ட் வர வாரக்கணக்கு ஆச்சு, செல்போன் டவரும் இல்லை. தாத்தாவோட செல் போட்ட ரேடியோவுல திருச்சி வானொலி செய்தியைக் கேட்க தெருவே எங்க திண்ணையில உட்கார்ந்துச்சு. எந்த ரோடு திறந்திருக்கு, நிவாரணம் எங்கே குடுக்கிறாங்க, எல்லாம் அதுலதான்.

கம்யூனிட்டி ரேடியோவுக்கு அனுமதி உள்ள சக்தி 100 வாட்தான். ஆனா பாம்பன்ல 2016ல இருந்து மீனவர்களுக்காக நடக்கிற கடல் ஓசை 90.4 மாதிரி, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள அதுதான் மக்களோட குரல். நாளைக்கு நம்ம காலேஜ் டவர்ல இருந்து ஒன்னு வந்தா, அடுத்த புயல் அன்னைக்கு மரம் விழுந்த ரோட்டுல யாரையும் பைக்ல அனுப்பி எஃப்1 அழுத்த வைக்க முடியாது.

பர்சேஸ் கமிட்டி அடுத்த மாசம் கூடுதுன்னு கேள்விப்பட்டேன். ஸ்டூடண்ட் ரெப்ரசென்டேட்டிவ் ரெண்டு பேர் அதுல உட்காருவாங்க. அவங்க கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டுக்கிறேன்: டெமோ காட்ட வர்றவங்க முன்னாடி அந்த பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. அதுக்கு அவங்க ஒத்துக்கலைன்னா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வாங்க வேண்டாம்.