ஜப்பானுக்கு வேலைக்குப் போறீங்களா? முதல்ல உங்க பேரைச் சரிபண்ணுங்க

ஜப்பான் பேர் திருப்பூருக்குப் புதுசு இல்ல. எந்த பனியன் கம்பெனிக்குள்ள நுழைஞ்சாலும் ஓவர்லாக் மெஷின் தலையில ஜூகி, பெகாசஸ், யமாட்டோன்னு எழுதியிருக்கும். அந்த மெஷினுக்குத் தவணை கட்டின வீட்டுப் பிள்ளைங்கதான் இப்போ இன்ஜினியரிங் முடிச்சு, ஜப்பானிய மொழியில என்4, என்3 பாஸ் பண்ணி, டோக்கியோவுக்கு சாஃப்ட்வேர் வேலைக்குக் கிளம்புறாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான். "அங்க டேக்ஸ் போக எவ்வளவுங்க மிஞ்சும்?" நான் திருப்பிக் கேக்கறது: "உங்க பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல என்ன இருக்கு?" பெரும்பாலும் சிரிச்சுட்டு விட்டுடறாங்க. என் கருத்துப்படி, சம்பளக் கணக்கைவிட இதுதான் முதல்ல பார்க்க வேண்டியது.

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரோட முதல் எழுத்து, அப்புறம் நம்ம பேர், அவ்வளவுதான். உதாரணத்துக்கு ப. செந்தில்குமார்னு ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. ஆதார்ல இனிஷியல் பின்னாடி ஒட்டியிருக்கும். பான் கார்டுல இனிஷியல் போட முடியாது. கடைசிப் பேர் கட்டாயம். அதனால அப்பா பேரை முழுசா எழுதி பழனிசாமி செந்தில்குமார்னோ, செந்தில்குமார் பழனிசாமின்னோ வந்திருக்கும். பாஸ்போர்ட் எடுத்த அன்னிக்கு ஏஜென்ட் சர்நேம் கட்டத்தை காலியா விட்டிருப்பாரு. பி.எஃப் கணக்குல முதல் கம்பெனி ஹெச்.ஆர் தனக்குத் தோணினபடி ஒரு ஸ்பெல்லிங் போட்டிருப்பாரு. ஆள் ஒருத்தர், பேர் நாலு.

ஊருக்குள்ள இருக்கற வரைக்கும் இது தெரியாது. பேங்க் மேனேஜருக்கு அப்பாவைத் தெரியும், வேலை நடந்துடும். ஜப்பான்ல பாஸ்போர்ட்ல இருக்கற பேர்தான் அப்படியே குடியிருப்பு அட்டைக்குப் போகும். அங்கிருந்து இன்சூரன்ஸ், பென்ஷன், பேங்க் எல்லாத்துக்கும் போகும். போதாததுக்கு பேங்க் பரிமாற்றம் கடகானா எழுத்துல நடக்கும். அந்த எழுத்துல ல, ர ரெண்டும் ஒண்ணுதான். ழகரத்துக்கு வழியே இல்ல. நம்ம பழனிசாமி அங்க 'பராநிசாமி' ஆயிடுவாரு. ஆகட்டும், தப்பில்ல. ஆனா பேங்க்ல ஒரு மாதிரியும் ஆபீஸ்ல ஒரு மாதிரியும் கடகானா எழுதிக் கொடுத்தா சம்பளம் திரும்பிப் போக வாய்ப்பு இருக்கு. முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டுல உங்க கடகானா பேரை எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. எல்லா இடத்துலயும் அதையே பார்த்து எழுதுங்க.

இன்னொரு வேடிக்கை. அங்க ஆபீஸ்ல சர்நேமோட 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவாங்க. அப்பா பேரை சர்நேமாப் போட்டிருந்தா தினமும் "பழனிசாமி சான்"தான். பையன் எழுதின கோடுக்கு அப்பாவுக்குப் பாராட்டு! கூச்சமா இருந்தா சுருக்கப் பேர் ஒண்ணு வெச்சுக்கலாம். டோக்கியோவில நம்மூர்க் குடும்பங்கள் நிறைய இருக்கற நிஷிகசாய் பகுதி எடோகவா வார்டுல வருது. அந்த வார்டு சபைக்கு 2019ல இந்தியாவில் பிறந்த யோகேந்திர புராணிக் ஜெயிச்சாரு. ஐ.டி., பேங்க் வேலை பார்த்தவர். அங்க வாக்காளர்கள் வேட்பாளர் பேரைக் கையால எழுதி ஓட்டுப் போடணும். அவர் நின்ன பேர் 'யோகி'. கூப்பிடற பேரை எவ்வளவு வேணும்னாலும் சுருக்கலாம். ஆவணத்துல இருக்கற பேரைத்தான் தொடக்கூடாது. கல்யாணம் ஆனதும் வழக்கம்னு நினைச்சு பாஸ்போர்ட்ல கணவர் பேரை மாத்தற பெண்களுக்கும் இதையேதான் சொல்றேன். மாத்தணும்னு சட்டம் எதுவும் இல்ல. மாத்தினா பான், பி.எஃப், டீமேட் எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்க, இல்லேன்னா விட்டுடுங்க.

பேர் எங்க கடிக்கும்னா, திரும்பி வரும்போது. ஜப்பான் கம்பெனி உங்களை நேரடியா வேலைக்கு எடுத்திருந்தா சம்பளத்துல 9.15% பென்ஷனுக்குப் போகும், அதே அளவு கம்பெனியும் கட்டும். நிரந்தரமா ஊர் திரும்பினா 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சு ஒரு பகுதியை மொத்தமா வாங்கலாம். அந்தப் பணம் உங்க சொந்தப் பேர்ல இருக்கற பேங்க் கணக்குக்குத்தான் வரும். கணக்குல ஒரு பேர், பாஸ்போர்ட்ல ஒரு பேர்னா லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கடிதப் போக்குவரத்துதான். அந்தத் தொகையில 20.42% வரியும் பிடிப்பாங்க. ஜப்பான்ல ஒரு வரிப் பிரதிநிதியை நியமிச்சா அதையும் திருப்பிக் கேக்கலாம். மொத்தமா வாங்கிட்டா அத்தனை வருஷப் பென்ஷன் காலமும் கணக்குல இருந்து அழிஞ்சுடும், அதையும் யோசிச்சுக்கோங்க.

இந்தியக் கம்பெனியே உங்களை அனுப்பினா கதை வேற. 2016 அக்டோபர் 1 முதல் ரெண்டு நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமல்ல இருக்கு. பி.எஃப் அலுவலகத்துல சான்றிதழ் வாங்கிட்டா 5 வருஷம் வரைக்கும் அங்க பென்ஷன் கட்ட வேண்டாம், இங்க பி.எஃப் தொடரும். ஆஃபர் லெட்டர்ல சம்பளத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி, உங்களை வேலைக்கு எடுக்கறது யாருன்னு பாருங்க.

கிளம்பற தேதியும் முக்கியம். செப்டம்பர் மூணாவது வாரத்துக்குள்ள கிளம்பி அந்த நிதியாண்டுல திரும்பி வராம இருந்தா இந்தியாவில 182 நாள் ஆகாது, நீங்க என்.ஆர்.ஐ. பிப்ரவரியில கிளம்பினா மார்ச் வரைக்குமான ஜப்பான் சம்பளத்தையும் இங்க காட்டணும். என்.ஆர்.ஐ ஆனதும் இன்கம்டேக்ஸ் போர்ட்டல்ல அதைப் பதியுங்க. சாதா சேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ.வா மாத்துங்க. அந்த வட்டிக்கு இங்க 30 சதவீதத்துக்கு மேல பிடிப்பாங்க. ஜப்பான் வரிவாசின்னு சான்றிதழ் கொடுத்தா ஒப்பந்தப்படி 10% தான். அந்தச் சான்றிதழ்லயும் அதே பேர் இருக்கணும்னு தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

இப்போ அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. 2021 தொடக்கத்துல 1 யென் ஏறக்குறைய 70 பைசா. 2024 ஜூலையில 52 பைசா வரைக்கும் இறங்குச்சு. 4 லட்சம் யென் சம்பளம் 2.8 லட்ச ரூபாயா இருந்தது 2.08 லட்சமாச்சு. பையன் ஒரு யென்கூட குறைவா வாங்கல. அவன் சம்பளத்தை நம்பி புது யூனிட்டுக்கு ரூபாய்ல தவணை போட்டுடாதீங்க. போதாததுக்கு ஜப்பான்ல உள்ளாட்சி வரி, சுமார் 10%, முந்தின வருஷ வருமானத்துக்குத்தான் கணக்கு. முதல் வருஷம் வராது. ரெண்டாவது வருஷம் ஜூன்ல கையில வர்ற சம்பளம் திடீர்னு குறையும். "பையன் ஏன் பணத்தைக் குறைச்சுட்டான்"னு வீட்டுல சண்டை வர்றது அங்கதான்.

கடைசியா, பொழுதுபோக்கு. நம்மூர்க்காரங்களுக்கு எதைப் பார்த்தாலும் பீஸ் ரேட் போடத் தோணும். போட்டோ எடுத்தா விக்கணும், சமைச்சா சேனல் ஆரம்பிக்கணும், சனிக்கிழமை சும்மா இருந்தா கோடிங் டியூஷன் எடுக்கணும். இன்ஜினியர் விசாவில இருந்துகிட்டு வேற வேலையில சம்பாதிக்கணும்னா குடிநுழைவுத் துறை அனுமதி தேவைப்படலாம், கம்பெனி விதியும் குறுக்கே வரலாம். பக்க வருமானம் வருஷத்துக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினா அங்க ரிட்டர்ன் போடணும். "பணம் திருப்பூர் அக்கவுண்டுக்குத்தானே வருது"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. வேலை நடந்த இடம் ஜப்பான்.

நான் சொல்றது, முதல் ரெண்டு வருஷம் அதைப் பொழுதுபோக்காவே விடுங்க. கிரிக்கெட் ஆடுங்க, மலையேறுங்க, டோக்கியோ தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்குப் போய் நாலு பேரைப் பழகுங்க. ஒரு நல்ல கேமரா வாங்கணும்னு தோணினா, ஊருக்கு அனுப்பற பணத்துல ஒரு மாசம் குறைச்சு வாங்கிக்கோங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.