ஆயுட்காப்புறுதியின் முழு விலை

விம்பிள்டனிலும் அயலிலும் வாழும் எம்மவருள் 50 வயதைக் கடந்தோரின் வீடுகளுக்கு ஆயுட்காப்புறுதி விளம்பரங்கள் தபாலில் வந்தபடியே இருக்கின்றன. வைத்தியப் பரிசோதனை இல்லை, எவரும் சேரலாம், போதாததற்கு ஒரு பேனையும் இனாம். மாதக் கட்டுப்பணம் சிறிதாகத் தெரிவதால் பலர் மொத்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஒருவர் 60 வயதில் மாதம் 30 பவுண் கட்டி, இறந்தபின் குடும்பத்துக்கு 6,000 பவுண் கிடைக்கும் திட்டத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 360 பவுண். 16 ஆண்டும் 8 மாதமும் கழிய, கட்டிய தொகை கிடைக்கும் தொகைக்குச் சமமாகிவிடும். 77 வயதிலும் அவர் சுகமாக இருந்தால் (அப்படி இருக்கத்தானே எல்லோரும் வேண்டுகிறோம்!) பிறகு கட்டுவதெல்லாம் நட்டம். இடையில் நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு பென்னியும் திரும்பாது. முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் நோயினால் இறந்தால் பொதுவாகக் கட்டிய பணம் மட்டுமே வரும். விலைவாசி ஏற ஏற அந்த 6,000 பவுணின் பெறுமதியும் தேயும்.

கேள்வி கேளாமல் சேர்ப்பது தருமமன்று. அங்கே நோயாளியின் சுமையைச் சுகதேகி சுமக்கிறார். திடகாத்திரமான ஒருவர், மருத்துவக் கேள்விகளுக்கு விடையளித்துப் பெறும் காப்புறுதியின் விலையையும் விசாரிப்பது நல்லது. ஆனால் எம்மவரிடையே மலிந்துள்ள நீரிழிவை, "கொஞ்சம் சீனிதானே" என்று எழுதாமல் விட்டால், மனைவி பணம் கேட்கும் நாளில் மறுப்புக் கடிதம் வரலாம்.

ஆயுள் முழுவதும் ஒரே கட்டுப்பணம் என்ற முறை லண்டனிலேயே உருவானது. வயது கூடிவிட்டதென்று ஒரு சங்கம் ஏற்க மறுத்த ஜேம்ஸ் டொட்சன் என்ற கணித ஆசிரியர் வகுத்த கணக்கின்படி, 1762ல் ஈக்விட்டபிள் சங்கம் தோன்றியது. இளமையில் தேவைக்கு மேல் வாங்கி, முதுமைக்கு ஒதுக்கி வைப்பதே சூட்சுமம். அந்த ஒதுக்குப்பணமே இதன் விலை கூடியதற்குக் காரணம். அச்சங்கமும், கொடுத்த வாக்குறுதிகளின் பாரம் தாங்காமல், 2000 டிசம்பரில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது.

சிறு பிள்ளைகளும் வீட்டுக் கடனும் உள்ள குடும்பத்துக்கு, கடன் தீரும்வரையான காலவரையறைக் காப்புறுதியே போதும். குறைந்த கட்டுப்பணத்தில் பெரிய தொகை. முழு ஆயுட்காப்புறுதி பொருந்துவது, 40 சதவீத மரணவரி பிள்ளைகள்மேல் விழக்கூடிய வீடு வாசல் உள்ளவர்களுக்கே. அதையும் டிரஸ்ட் முறையில் எழுதாவிட்டால், வரும் பணமும் சொத்தோடு சேர்ந்து வரிக்குட்படும்.

விற்பவர் தெரிந்தவராகவே இருக்கலாம். அவருக்குத் தரகும் கிடைக்கலாம். மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும், எந்த வயதில் நிற்கும், கட்டுப்பணம் பின்னர் ஏறுமா என்பவற்றை அவரிடம் எழுத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கையொப்பமிட்டவர்களுக்கும், மனம் மாறினால் விலகிக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு.