கலியா, காலமா?

"கலி முற்றிவிட்டது!"

குலசேகரம் சந்திப்பில், தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, நாளேட்டை மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்செறிகிறார் பெரியவர். பேரன் எதிர்த்துப் பேசுகிறானாம். பேத்தி வேறு சாதியில் மணாளனைத் தேடிக்கொண்டாளாம். பிள்ளைகள் இலையில் சோற்றை மிச்சம் வைத்து எழுகிறார்களாம். காரணம்? கலி!

அடுத்த பலகையில் கைப்பேசியும் கையுமாக இருக்கும் இளைஞன் நகைக்கிறான்: "கிழடுகளுக்கு வேறு வேலை ஏது?" காரணம்? கிழத்தனம்!

ஒருவர் கலி என்கிறார்; மற்றவன் கிழம் என்கிறான். காரணம் கேட்டால் இருவரும் வசையைத்தான் தருகின்றனர்.

பெரியவரிடம் பணிவோடு ஒன்று கேட்போம். கலியுகத்துக்குப் புராணம் விதித்த ஆயுள் 4,32,000 ஆண்டுகள். அது பிறந்ததாகப் பஞ்சாங்கம் குறிப்பது கி.மு. 3102. இதுவரை கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம். அப்படியானால், ஐயா, தங்கள் பாட்டனார் வாழ்ந்த "நல்ல காலம்" எந்த யுகம்? அதுவும் கலிதானே! மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய காலமும் கலி. அடிமை முறை ஒழிந்த காலமும் கலி. எல்லாவற்றையும் விளக்க வந்த சொல் எதையும் விளக்கவில்லை!

தலைமுறைகள் வேறுபடுவது உண்மை. வேறுபடுத்தியது யுகமன்று, நிகழ்ச்சி. கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியல் அறிஞர் 1928இல் இதனை ஆராய்ந்து எழுதினார். ஒரே ஆண்டில் பிறந்ததாலேயே மக்கள் ஒரு தலைமுறையாகிவிடுவதில்லை. இளம் வயதில் ஒரே பெரும் நிகழ்ச்சியில் சிக்குண்டவர்களே ஒரு தலைமுறை என்பது அவர் முடிவு. ஐந்தாண்டுகள் கழித்து, 1933இல், இட்லர் ஆட்சி அவரைப் பல்கலைக் கழகத்திலிருந்து விரட்டியது. நிகழ்ச்சி அவரையும் விட்டுவைக்கவில்லை!

அந்த அளவுகோலைக் கொண்டு நம் ஊரை அளப்போம்.

1942. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. எங்கோ வெடித்த குண்டு! ஆனால் அணைந்தது திருவிதாங்கூர் அடுப்பு. தன் வயிற்றுக்கு வேண்டிய நெல்லைத் தானே விளைவிக்காத சமஸ்தானம் அது. பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு. கப்பல் நின்றது, கஞ்சியும் நின்றது. மரச்சீனிக் கிழங்கே சோறாயிற்று. அளந்து கொடுத்த பங்கீட்டரிசிக்காகக் காத்துக் கிடந்த கால்கள், இன்றைய பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டிமார் கால்கள்.

அதே போர், மலேயா ரப்பரை நேசநாடுகளின் கையிலிருந்து பறித்தது. அதனால் நம் மலைச் சரிவு ரப்பருக்குத் தேவை பெருகிற்று. ஒரே மரம்; ஒரே சிரட்டை; ஒரே பால். தோட்ட முதலாளிக்குப் போர் வாய்ப்பாயிற்று. பால் வெட்டிய தொழிலாளிக்கோ வயிற்றில் ஈரத்துணி! ஒரு தலைமுறை என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவோர் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். போர் வயதை மட்டும் பார்ப்பதில்லை, வகுப்பையும் பார்க்கிறது.

சிந்திய சோற்றைப் பொறுக்கி உண்ட மூதாட்டியைக் "கஞ்சத்தனம்" என்று எள்ளினோமே, தோழர்களே! கஞ்சத்தனமா அது? இரங்கூன் இட்ட தழும்பு!

1954, ஆகஸ்டு 11. தாய்த் தமிழகத்தோடு இணைவோம் என்று முழங்கிய மக்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி பாய்ந்தது. சுட்டது வெள்ளையன் அரசன்று. சோஷலிசம் பேசிய பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு. அக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான லோகியாவே, பதவி விலகுக என்று கேட்டார், விலகினார்களில்லை. ஆயினும், 1956 நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்தோடு இணைந்தன. அந்நாளில் இளைஞராயிருந்தவர்க்கு மொழி என்பது பாடமன்று, குருதி. இன்று தமிழ் வகுப்பில் கொட்டாவி விடும் மாணவனுக்கு அது மதிப்பெண். அவனைக் குறைகூறுமுன், அந்தக் கதையை அவனுக்குச் சொன்னவர் யார்?

மலையேறிப் பார்ப்போம். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு: அரசு ரப்பர்த் தோட்டங்கள். அங்குப் பால் வெட்டுவோரில் பலர், இலங்கைத் தேயிலைக் காட்டைப் பொன்னாக்கியவர்களின் வழிவந்தோர். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம்! மனிதர்களா, மரக்கட்டைகளா? 1983க்குப் பின், போருக்கு அஞ்சிப் படகேறி வந்தோர் வேறு. அவர்கள் இருப்பிடத்துக்கு "மறுவாழ்வு முகாம்" என்று 2021இல் பெயர் மாறிற்று, நல்லதே. ஆனால் 2009இல் முடிந்த போரின் வெடியோசையைக் கேட்டே அறியாமல், இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணில் பயின்ற பிள்ளைகள் பலர் இன்றும் குடியுரிமை இன்றி நிற்கின்றனர். தாய் கண்ட போரை மகள் அடையாள அட்டையில் சுமக்கிறாள்!

போர் தழும்பிடுகிறது. தழும்பை மறக்க முடியாது. சமூக மாற்றமோ தழும்பை ஆற்றுகிறது. ஆறிய இடத்தை யார் நினைக்கிறார்? தோழர்களே, நாம் அஞ்சவேண்டிய இடம் இதுதான்.

வகுப்பில் ஒருநாள் தோள்சீலைப் போரைப் பற்றிக் கூறினோம். பிள்ளைகள் சிரித்தனர். "இங்கேயா சார்? நம்ம ஊரிலயா?" என்றாள் ஒரு மாணவி. ஆம், பெண்ணே, இங்கேதான்! மார்பை மறைத்த குற்றத்துக்காகக் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. 1822இல் மூண்டு, மூன்று கட்டங்களாக நடந்த போராட்டத்துக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று அனுமதி வந்தது. அதிலும் ஒரு நஞ்சு: உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது! 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கப் போராட்டம். 1926இல் சுசீந்திரத்தில் போராட்டம். 1936 நவம்பர் 12இல்தான் கோயிற் கதவு திறந்தது.

அந்த மாணவி சிரித்தாளே, அது வெற்றியின் சிரிப்பு. நம்பவே முடியாத அளவுக்குக் கொடுமை தொலைந்திருக்கிறது! ஆனால் அதே சிரிப்பில் ஆபத்தும் இருக்கிறது. மத்தியப் பாடத்திட்டத்து ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் இக்கதை இருந்தது. 2016இல் தேர்வுக்கு வேண்டாம் என்றனர். 2019இல் நூலைவிட்டே நீக்கினர். சீலையைப் பறித்தவர்கள் அன்று. சீலையின் கதையைப் பறித்தவர்கள் இன்று!

மறந்தால் என்ன என்பீரோ? 2023 ஆகஸ்டில், நெல்லைச் சீமை நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை அவன் பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர் மணிக்கட்டில் சாதி வண்ணக் கயிறு கூடாது என்றது. கயிறு கட்டும் கரங்கள் எவருடையவை? தெருவில் நடக்க உரிமையின்றித் தவித்தவர்களின் கொள்ளுப்பேரர் கரங்களும் அவற்றில் உண்டு! பாட்டன் அறுத்தெறிந்த கயிற்றைப் பேரன் காசு கொடுத்து வாங்குகிறான். இது கலியா? அன்று, மறதி!

குற்றம் இளைஞனுடையது மட்டுமா? தான் பட்டதை மறைத்து, "அந்தக் காலம் பொற்காலம்" என்று பொய் சொன்ன பெரியவருக்கும் பங்குண்டு. மேடையில் சாதி ஒழிக என்று முழங்கி, மணப்பெண் தேட மட்டும் சாதிச் சங்கத்து வாயிலில் நிற்கும் நம்மவர்க்கும் பங்குண்டு. நாம் ஆண்டுதோறும் சிலைகளுக்கு மாலையிடுகிறோம். சிலையானவர் எதற்காக அடிபட்டார் என்பதைத் தம்பிக்குச் சொன்னோமா?

ஆகவே, கூட்டம் முடிந்து கலையுமுன் ஒரு வேலையை ஏற்போம். இளைஞன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பெரியவரின் பலகைக்குச் செல்லட்டும். விளையாட அன்று, பதிவு செய்ய! "தாத்தா, உங்கள் தாய் என்ன உடுத்தார்? போர்க் காலத்தில் உங்கள் வீட்டார் எதை உண்டனர்? எந்தத் தெருவில் நடக்கத் தடை இருந்தது? யார் தடுத்தார்?" என்று கேட்கட்டும். பெரியவர் மெய்யைச் சொல்லட்டும். பட்ட அவமானத்தைச் சொல்வது அவமானமன்று. ஆசிரியரான நாம் ஜூலை 26ஐயும், ஆகஸ்டு 11ஐயும், நவம்பர் 12ஐயும் கரும்பலகையில் எழுதுவோம், பாடநூலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

சொத்து உயிலால் இறங்கும். தழும்பு உடலால் இறங்கும். உரிமை மட்டும் சொல்லாமல் இறங்காது. சொல்வோம்! கேட்போம்! கேட்ட பிள்ளை தன் கையாலேயே அந்தக் கயிற்றை அவிழ்ப்பான்.