ஐப்பசி அறுவடை மாதமல்ல

எமது மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் ‘பருவமும் பயிரும்’ என்னும் தலைப்பில் ஒரு சுவரொட்டி செய்து வரும்படி சொல்லியிருந்தோம். ஐப்பசி மாதம் ஒரு குழுவுக்குக் கிடைத்தது. அழகாகத்தான் செய்திருந்தார்கள். பிறிஸ்டல் அட்டையின் நடுவில் மஞ்சளும் சிவப்புமாக உதிரும் இலைகள், ஒரு பக்கம் கோதுமைக் கதிர், மறுபக்கம் பெரியதொரு பூசணிக்காய். மேலே ‘இலையுதிர்கால அறுவடை’ என்ற தலைப்பு. பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பு ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பிள்ளையள், ஐப்பசியிலை ஆர் கதிர் வெட்டுறது? விதைச்ச நெல்லு முளைக்கிற மாதமெல்லோ?”

பிள்ளைகளை நாம் குறை சொல்வதற்கில்லை. படங்களில் கண்டதை வரைந்தார்கள். தங்கள் ஊரின் ஐப்பசியைக் காண அவர்களுக்கு வாய்ப்பில்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியபோது பத்து வயதாயிருந்தவர்களுக்கு இன்று நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. காணியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. இன்னொரு பகுதி இன்னும் கையளிக்கப்படவில்லை. ஆனால் காணியோடு சேர்ந்து நாம் இழந்துகொண்டிருக்கும் இன்னொன்றைப் பற்றி எவரும் மனுக் கொடுப்பதில்லை. அது, எந்த மண்ணில் எப்போது எதை விதைப்பது என்ற அறிவு.

வடநாடுகளில் சூரியன் தெற்கே சாயும் காலம் அறுவடைக் காலம். சீனர் சூரியனின் பாதையை இருபத்து நான்கு பருவங்களாக வகுத்து, அவற்றில் ஆறினை இலையுதிர்காலத்துக்கு ஒதுக்கியுள்ளனர். 2016இல் யுனெஸ்கோ அந்த முறையை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2018 முதல், பகலும் இரவும் சமமாகும் செப்டெம்பர் நாளில் சீன விவசாயிகள் அறுவடை விழாக் கொண்டாடுகிறார்கள். அங்கும் பிள்ளைகள் இதைச் சுவரொட்டியாக வரைகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அந்த நாட்காட்டி மஞ்சளாற்றுக் கரையின் மண்ணையும் பனியையும் பார்த்து எழுதப்பட்டது. அவர்கள் தங்கள் ஆற்றைப் பார்த்தார்கள். நாம் எமது கிணற்றைப் பார்க்க வேண்டும்.

எமது மாதங்களும் சூரியனைக் கொண்டே எண்ணப்படுபவை. சூரியன் துலா இராசியில் நிற்கும் மாதம் ஐப்பசி. சித்திரைப் பிறப்பையொட்டியும், பின்னர் ஓகஸ்ட் 28 அளவிலும் யாழ்ப்பாணத்தில் நண்பகல் நிழல் காலடியிலேயே விழும். அதன்பின் சூரியன் தெற்கே போகும். சோளகம் ஓயும். புழுதியாக உழுது விதைத்த காலபோக நெல் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை இறங்கும். கார்த்திகையில் வாடைக்காற்றுடன் அது வலுக்கும். நெல் வெட்டுவது தை, மாசியில். ஆவணியில் பொறுக்கிய பனம்பழத்தின் விதை பாத்தியில் கிடந்து கிழங்காவதும் இந்த மழையில்தான். வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லாத எமது குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் இந்த நீரே கிணற்று நீர். வெங்காயமும் புகையிலையும் பங்குனி வெயிலில் குடிப்பது ஐப்பசியில் பெய்ததைத்தான்.

அந்த மாதத்திற்தான் நாம் பெயர்க்கப்பட்டோம். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995இல் அதே நாளில், கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். முளைத்த பயிர் வயலில் நின்றது. அந்த நாளை நினைவுகூருகிறோம். அந்தப் பயிரை மறந்துவிட்டோம்.

“இல்லாத காணிக்கு என்ன நாட்காட்டி, சுவாமி? பிள்ளை படித்து முன்னேறட்டும்” என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். படிக்கட்டும்; இதுவும் படிப்புத்தான். முப்பது வருடத்தின் பின் காணி கிடைத்தும், எல்லைக் கல்லைத் தேடுவதுபோல விதைப்பு நாளையும் தேடித் திரியும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். காணி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக் காத்த நாம், மொட்டைக்கறுப்பனை எப்போது விதைப்பது என்ற அறிவை முதியவர்களோடு அடக்கம் செய்கிறோம்.

“மழை இப்போது பழைய கணக்குக்கு வருவதில்லையே” என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி. 2008இல் ‘நிஷா’வும் 2020இல் ‘புரெவி’யும் கார்த்திகையில் எமது வயல்களை மூழ்கடித்தன. பழைய கணக்கு தெரிந்தவனுக்கே அது எவ்வளவு பிசகியது என்பதும் தெரியும்.

ஆகவே எமது யோசனை இது. அட்டையில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். மேலே ஊரின் பெயர், வயலின் அல்லது தோட்டத்தின் பெயர், எத்தனை பரப்பு என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். மேற்பாதியில் ‘அப்பு, ஆச்சி சொன்னது’: காற்று, மழை, விதைப்பு, அறுவடை, அந்த மாதத்துச் சாப்பாடு. கீழ்ப்பாதியில் ‘இவ்வாண்டு நாம் கண்டது’: முதல் மழை விழுந்த திகதி, கிணற்றில் நீர் எத்தனை முழம், நண்பகலில் ஊன்றிய தடியின் நிழல் எத்தனை சாண். படம் அழகாக இராவிட்டால் குற்றமில்லை.

இஸ்ராயேல் மக்களுக்கும் அறுவடை முடிவில் ஒரு விழா இருந்தது. ஏழு நாள் வீட்டை விட்டுக் கூடாரத்தில் தங்கும்படி லேவியர் நூல் 23ஆம் அதிகாரம் அவர்களைப் பணிக்கிறது. களஞ்சியம் நிறைந்த நாளிலும் அலைந்த காலத்தைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காக. எமது பிள்ளைகளுக்குக் கூடாரம் தெரியும், களஞ்சியம்தான் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்கும் கடமை எமக்குண்டு.

வரும் தைப்பொங்கல் திருப்பலிக்கு இந்த அட்டைகளைக் கோவிலுக்குக் கொண்டு வாருங்கள். புதிரோடு சேர்த்து அவற்றையும் பீடத்தின் முன் வைப்போம். ஆனால் அதற்கு முன், இன்று மாலையே, வீட்டிலுள்ள அப்புவிடமும் ஆச்சியிடமும் கேட்கத் தொடங்குங்கள்.