தளவாய்க்குத் தோள்வலி எதற்கு?

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டே திரையரங்குக்கு வந்தது. அந்தப் படத்துக்கு மூலமான ஜப்பானியச் சித்திரக்கதை, அதாவது மங்கா, இனி நான்கைந்து பையன்களின் தனிக் கிறுக்கு அல்ல என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. அந்தக் கதைகளை வைத்து இளைஞர்கள் நடத்தும் சண்டைகளில் ஒன்று முடிவதே இல்லை: மாய உலகத்துப் படைகளில், யார் வலியவனோ அவனுக்குத்தானே பெரிய பதவி போக வேண்டும்?

'டீமன் ஸ்லேயர்' அரக்கர்களிடம் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. முதல் பன்னிரண்டு பேருக்கும் வரிசை எண் கண்ணிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பவனைக் கீழே இருப்பவன் சவாலுக்கு அழைக்கலாம். வென்றால் அவனுடைய இடம் இவனுக்கு. சீனியாரிட்டி பட்டியலுக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் நம் அரசு ஊழியர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரலாம்.

ஆனால் அந்த அரக்கர்களை எதிர்க்கும் படையின் தலைவர் உபுயாஷிகி தீராத நோயாளி. பார்வை போனவர். பத்து முறை வாள் சுழற்றும் தெம்பும் அவருக்கு இல்லை. அவர் முன்னால்தான் அந்தப் படையின் மகா வாள்வீரர்கள் மண்டியிடுகிறார்கள். மங்காவை எழுதிய கொயோஹாரு கொதோகே வேண்டுமென்றே வைத்த முரண் இது. நம்ப முடியவில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மதுரைக்காரர்கள் சுளிக்க வேண்டியதில்லை.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் வாசலில் குதிரைமேல் ஒருவர் சிலையாக இருக்கிறார். அவர் தளவாய் அரியநாத முதலியார். 1569-இல் எழுந்த அந்த மண்டபமே அவர் கட்டியது என்பார்கள். தொண்டை மண்டலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விஜயநகரத்துக்குக் கணக்கெழுதப் போனவர் அவர் என்கிறது வழிவழியாக வரும் கதை. அந்தக் கணக்கர்தான் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரின் தளவாயாகவும் பிரதானியாகவும் ஆனார். படைக்கும் அவரே பொறுப்பு, கஜானாவுக்கும் அவரே பொறுப்பு.

அதே காலத்தைப் பற்றி மங்காவுக்கே உரிய காட்சி ஒன்றும் சொல்லப்படுகிறது. பஞ்ச பாண்டியர் எனப்பட்ட ஐந்து தலைவர்கள் பணிய மறுத்தபோது, வீணாக ரத்தம் சிந்தாமல் ஒற்றைக்கு ஒற்றை மோதிப் பார்ப்போம் என்று விசுவநாதர் அழைத்தாராம். ஐவரில் ஒருவர் களமிறங்கி மாண்டார், மற்றவர்கள் விலகிப்போனார்கள். சரி, மறுநாள் காலையில் நாட்டை ஆள்வது எப்படி? அதற்கு வாள் உதவவில்லை. நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் பாளையத்துக்கு ஒன்றாகக் காவலுக்குக் கொடுத்த ஏற்பாடுதான் உதவியது. வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி பாளையக்காரருக்கு. கணக்குத் தெரிந்தவர் போட்ட திட்டம் என்பது பார்த்தாலே தெரிகிறது. கோட்டைச் சுவர் போய் வெளிவீதிகள் வந்துவிட்டன. பாளையங்களின் பேச்சு மட்டும் இன்னும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் மதுரையிலேயே உண்டு. ராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் மருதநாயகம் என்கிற யூசுப் கான், வெறும் போர்த்திறத்தால் மேலே வந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படை முழுவதற்கும் கமாண்டன்ட் ஆனார். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து அவர்களை அலைக்கழித்தவர் அவர். பின்பு மதுரையை ஆண்டார். வலிமைக்கேற்ற பதவி என்றால் இதுதானே? ஆனால் பதவியைக் கொடுத்த கை கம்பெனியின் கை. ஆற்காட்டு நவாபுக்குக் கீழ்ப்படி என்று அந்தக் கை உத்தரவிட்டது. யூசுப் கான் மறுத்தார். 1763-இல் வந்த முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அடுத்த ஆண்டு கோட்டைக்குள்ளேயே சொந்த ஆட்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. வாளால் வீழ்த்த முடியாத மனிதரை வீழ்த்தியது, பதவி எங்கிருந்து வருகிறது, யார் நம்பிக்கையில் நிற்கிறது என்ற கேள்விதான்.

கம்பெனி பிறகு பாடம் கற்றுக்கொண்டது, அதன் பாணியில். இந்தியச் சிப்பாய் எவ்வளவு பெரிய வீரனானாலும் சுபேதார், போனால் சுபேதார் மேஜர். நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இளம் ஆங்கிலேய அதிகாரிக்கும் அவன் கீழேதான்.

சுதந்திர இந்தியா இந்தச் சிக்கலை அழகாகவே தீர்த்திருக்கிறது: வீரத்துக்குப் பதக்கம், பொறுப்புக்குப் பதவி. பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில், அதற்குரிய வீரத்தைக் காட்டியபோது லெப்டினன்ட் கர்னலுக்கு மேற்பட்டவராக இருந்தவர் ஒருவரும் இல்லை. 1965-இல் பாகிஸ்தான் டாங்குகளைத் தகர்த்து மாண்ட அப்துல் ஹமீது ஹவில்தார். 1987-இல் இலங்கையில் உயிர்விட்ட ராமசாமி பரமேஸ்வரன் மேஜர். இவர்களைவிடத் தளபதிகள் வலியவர்களா என்று யாரும் கேட்பதில்லை.

மாய உலகம் வேறல்லவா, அங்கே ஒருவனே ஆயிரம் பேருக்குச் சமம் என்பார்கள். நியாயமான வாதம்தான். அப்படிப்பட்டவனைக் கடைநிலைச் சிப்பாயாக வைத்திருக்க எந்த அரசுக்கும் துணிச்சல் வராது. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' எழுதிய ஹிரோமு அரகாவா இதற்கு வழி கண்டிருக்கிறார். ரசவாதத் தேர்வில் தேறிய பன்னிரண்டு வயதுக் கதாநாயகன் எட்வர்டுக்கு மேஜருக்கு இணையான தகுதி கிடைக்கிறது, ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கிறது. படைப்பிரிவு மட்டும் கிடைப்பதில்லை.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் சிறந்த மாடுபிடி வீரருக்குக் கார் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு வாடிவாசல் பொறுப்பையும் அவரிடம் கொடுக்கச் சொன்னால் ஊர் சிரிக்கும். மங்கா எழுதுபவர்களும் படிப்பவர்களும் தோள்வலிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் புகழ் கொடுக்கட்டும். தளவாய்ப் பதவியை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். அடுத்த முறை மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது, ஆயிரங்கால் மண்டப வாசலில் குதிரையேறி நிற்கும் அந்தக் கணக்கரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.